திருப்பிக் கொண்டுவந்த ரிப்ஸ்

டொரோண்டோவுக்கு வந்த புதிதில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கினேன். யாராவது தலையணையில் ரிப்ஸ் என்று கொஞ்சம் அன்பளிப்புக் காசு வைத்துவிட்டுப் போனால் அன்று முழுக்க இடுப்பு நோவு தெரியாது. அதனால்தான் பிள்ளைகள் என்னையும் கணவரையும் ஒரு கிழமை மெக்சிகோவுக்கு அனுப்பியபோது, வீட்டிலிருந்த இரண்டு டொலர் நாணயக் குத்திகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போனேன். காலையில் தலையணையில் வைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவேன். அறைக்கு வருகிற பெண்ணுக்கு என் மகளின் வயதிருக்கும். கண்டால் சிரிப்பாள். எனக்குள் பெரிய கொடையாளி என்ற நினைப்பு.

புறப்படுகிற அன்று அவள் லிப்ட் வாசலில் காத்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நான் வைத்த குத்திகள் அத்தனையும். வங்கியில் வெளிநாட்டுத் தாள் காசைத்தான் மாற்றுவார்களாம், குத்தியை எடுக்கமாட்டார்களாம். தெரிந்த ஆங்கிலத்தில் அதை விளக்கி, தாளாகத் தர முடியுமா என்று கேட்டுப் பையை என்னிடம் நீட்டினாள்.

காசெல்லாம் கணவரிடம். அவரோ வாசலில் நின்ற விமான நிலைய பஸ்ஸில் ஏறிவிட்டார். நிற்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டுப் பையோடு ஓடினேன். அவரிடம் தாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு மூடி பஸ் வெளிக்கிட்டது. சாரதியிடம் நிறுத்தச் சொன்னேன். பிளேனுக்கு நேரமாகிவிட்டது என்று தலையாட்டினார்.

“விடும், போய்ச் சேந்து அனுப்புவம்,” என்றார் கணவர்.

இன்னும் பலமாகக் கத்தியிருக்கலாம். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று இருந்துவிட்டேன். அவள் வாசலுக்கு வந்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டொரோண்டோவில் டோர்செட் பார்க் வீட்டுக்கு வந்ததும் மகளைக்கொண்டு அந்த ஹோட்டலுக்குப் போன் எடுப்பித்தேன். பெயர் தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். மாதங்கள் கழித்து, கீழ்மாடியில் குடியிருக்கிற அயல் பிள்ளை கலியாணம் முடித்த கையோடு அதே ஹோட்டலுக்குத்தான் போகப்போவதாகச் சொன்னாள். அந்தக் குத்திகளின் பெறுமதியோடு மேலும் கொஞ்சம் போட்டு, மெக்சிகோ பெசோத் தாள்களாக அவளிடம் கொடுத்தேன். கணவர் எடுத்த ஒரு படத்தில் அந்தப் பெண் பின்னால் நின்றாள், அதையும் அனுப்பிவைத்தேன்.

திரும்பி வந்தவள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“குடுத்திட்டன் அன்ரி.”

“என்னவாம்?”

அவள் தயங்கினாள். “தான் மாத்திக் கேட்டது உங்களுக்குக் கோபம், அதுதான் திருப்பி எடுத்துக்கொண்டு போட்டியள் எண்டு நினைச்சவவாம். அதுக்குப் பிறகு ஒருத்தரிட்டையும் மாத்தித் தரச்சொல்லிக் கேக்கிறேல்லையாம்.”