தம்பி வீட்டு வாசலில் நின்றவன்

ஒரத்தநாட்டில் ரைஸ்மில் வைத்தேன், மாடிவீடு கட்டினேன். எவன் தயவும் இல்லாமல் வளர்ந்தவன் நான். மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்த பிறகுதான், பழைய பச்சை பெயின்ட் உரிந்து அவள் படுக்கையில் கொட்டுவதைப் பார்த்தேன்.

உள்ளூர் பெயின்டர்கள் துபாய்க்குப் போய்விட்டார்கள். அலையாய் அலைந்து திருவாரூரில் ஒருவரைப் பிடித்தேன். ஒட்டிய கன்னம், இமையெல்லாம் பெயின்ட் துளி. சுவரை நனைத்துத்தான் சுரண்டுவார். உரிந்ததை ஈரத்தோடு சாக்கில் அள்ளிய பிறகே டீயைத் தொடுவார்.

மகளைப் பார்த்ததும் சுரண்டும் தகட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"பழைய பெயின்ட்ல ஈயம் இருக்குங்க. தூசு வயித்துப் புள்ளைக்கு ஆகாது. அவங்கள வேற வீட்ல வையுங்க."

"கூட்டியாந்த பொண்ண மாமியார் வீட்டுக்கே திருப்பி அனுப்பவா? ஊர் சிரிக்கும்யா! கூலி ரெண்டு மடங்கு தர்றேன், சுரண்டுய்யா!"

"மில்லு, மாடின்னு இத்தன கட்டினேன்னீங்களே, பொண்ண கொண்டுபோய் விட ஒரு வீடு இல்லையா?" என்றபடி பையை எடுத்தார்.

இருந்தது ஒரே வீடு, பல வருஷமாகப் பேச்சில்லாத என் தம்பி வீடு. அந்த வாசலில் போய் நின்றேன். "பொண்ண கொஞ்ச நாள் வச்சுக்கடா" என்றேன். கதவு திறந்தது.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். வந்த கூலியை உதறிய அந்த மனிதர் எனக்கு இன்றும் புரியவில்லை. எல்லோரும் அவரையே புகழ்கிறார்கள், புகழட்டும். ஆனால் தம்பி வாசலில் போய் நின்றவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.