உயர்த்திய விரல்

வேலை நடுவில் யார் கூப்பிட்டாலும் அக்கா திரும்ப மாட்டாள். 'ஒரு நிமிஷம்' என்பதுபோல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவாள். வீட்டில் துணி மடிக்கும்போதும் அப்படித்தான். முடித்துவிட்டு, "உனக்கு ஒரு நிமிஷம் கடன்பட்டிருக்கேன்டா, இப்ப சொல்லு" என்பாள்.

மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவில் அவள் நர்ஸ். நான் பள்ளியில் விழுந்துவிட்டதாக ஒருமுறை போன் வந்ததும், கருவிகளை எண்ணிக்கொண்டிருந்தவள் திரும்பிவிட்டாள். கழுவாத கத்தரிக்கோல் ஒன்று கழுவியவற்றோடு கலந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி கடைசி நேரத்தில் கண்டுபிடித்தாள். அந்த விரல் அன்று தொடங்கியது.

பிறகு புது நர்ஸுகளுக்கு அவளே பயிற்சி கொடுத்தாள். அவர்கள் எண்ணும்போது வேண்டுமென்றே கூப்பிடுவாள், காலித் தட்டைக் கீழே போடுவாள். திரும்பியவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். "மாமியாரே கூப்பிட்டாலும் விரல்தான். வீட்டுல காட்ட முடியாததை இங்க காட்டுங்கம்மா!" என்பாள்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் எனக்குக் கிடைத்த அன்று, அவள் அறை வாசலுக்கே ஓடினேன். அவள் புது நர்ஸுகளுக்கு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாஸாயிட்டேன்!"

விரல் உயர்ந்தது.

"பயிற்சிக்கு நல்ல ஆளாப் பிடிச்சு நடிக்க வச்சிருக்கீங்க, சிஸ்டர்" என்று ஒரு புது நர்ஸ் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்தது. போனை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் லாரி மோதி அக்கா இறந்துபோனாள்.

அவள் செய்தது சரிதான். இவ்வளவு படித்த எனக்கு ஏன் ஒரு நிமிடம் நிற்கத் தெரியவில்லை? அன்று எண்ணி முடித்ததும் அக்கா வாசலுக்கு வந்து, "இப்ப சொல்லுடா" என்றாளாம். சிரித்த அதே நர்ஸ்தான் அழுதுகொண்டே சொன்னாள்.

அந்த ஒரு நிமிடத்தை அக்கா எனக்கு இன்னும் தரவில்லை.