டைகருக்கு வாய்ப்பூட்டு

எங்கள் டைகர் வேறு நாயைக் கண்டாலும் பாய்வான், புது ஆளைக் கண்டாலும் பாய்வான். போன வாரம் பக்கத்து வீட்டு செல்லம் அக்காவின் சேலையைக் கிழித்துவிட்டான்.

"மக்கா, இனி வாயைக் கெட்டாம இவனை ரோட்டுல இறக்காத," என்றார் அக்கா. நியாயம்தான்.

இன்று வாய்ப்பூட்டு மாட்டி வெள்ளறடை சந்தைப் பக்கம் கூட்டிப் போனேன். இரண்டு தெருநாய்கள் வந்து அவன் காதைக் கடித்தன. அவனால் திருப்பிக் கடிக்க முடியவில்லை. என்னைப் பார்த்தான். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், அவ்வளவுதான்.

சந்தையிலிருந்து வந்த செல்லம் அக்காதான் குடையால் அடித்து விரட்டினார்.

"நாளைக்கு மாட்டவா, வேண்டாமா அக்கா?"

"மாட்டினா அவனுக்குப் பேடி, மாட்டல்லேன்னா எனக்குப் பேடி. நான் என்ன சொல்லட்டு மக்கா?" பேடி என்றால் எங்கள் பக்கம் பயம்.

நாய் வளர்ப்பவர்கள் வழி சொல்லுங்கள். யாருக்காவது கொடுத்துவிடு என்று மட்டும் வேண்டாம். கேட்டுப் பார்த்தாயிற்று, ஒருவரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.