கண்ணாடிச் செருப்பும் ஒரு நல்ல சித்தியும்

சித்தி கொடுமை இல்லாமல் கண்ணாடிச் செருப்புக் கதையை எழுத முடியுமா? முடியும் என்று காட்ட நான் படாத பாடு பட்டேன். உலகமே அறிந்த அந்தத் தேவதைக் கதையைப் பழைய மைசூர் ராஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, மந்திரமும் சரித்திரமும் கலந்த நாவலாக எழுதித் தருகிறேன் என்று ஒரு பதிப்பாளரிடம் சவடாலாகச் சொல்லிவிட்டேன். பூசணிக்காய் சுலபமாக வேலை செய்தது. ஆயுத பூஜையன்று தெருத்தெருவாகப் பூசணிக்காய் உடைக்கிற ஊர் இது. உடையாமல் தப்பிய ஒன்றை மந்திரக்காரி குதிரை வண்டியாக்கினால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? சித்தியிடம்தான் வசமாக மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் நானே ஒரு சித்தி.

ஈரோட்டிலிருந்து இரண்டாம் தாரமாக மைசூர் விஜயநகருக்கு வந்தவள் நான். அவருக்குப் பூர்வீகம் கொள்ளேகால் பக்கம், வேலை நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில். மூத்தாள் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவள் மகளுக்குப் பள்ளிக்கூடம் முடிக்கிற வயது. நல்ல பெண். சமைத்ததைச் சாப்பிடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், ஒரு நாளும் முறைத்ததில்லை. ஆனால் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். நான் மாடியில் எழுதிக்கொண்டிருந்தால், கீழேயிருந்து கூப்பிட வழியில்லாமல் படியேறி வந்து, எதிரே நின்று, "இங்க பாருங்க, கேஸ் வந்திருக்குது" என்பாள். பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட அவள் செல்லமாக ஒரு பெயர் வைத்திருந்தாள். எனக்குத்தான் ஒன்றுமில்லை. சித்தி என்றாவது கூப்பிடமாட்டாளா என்று ஏங்குவேன். அதற்கு மேல் ஆசைப்பட எனக்குப் பயம்.

அதனால் என் நாவலில் வந்த சித்தி இந்த உலகத்தில் எங்கும் இல்லாத சித்தி. நாயகிக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டாள். அரண்மனை விருந்துக்குத் தன் பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தாள். பனி விழுகிறது, காதைக் கட்டிக்கொள் என்று வேறு சொன்னாள். கெட்டவளாக எழுதினால் என் வீட்டுப் பெண் என்ன நினைப்பாளோ என்று ஒவ்வொரு வரியையும் அடித்து அடித்துத் திருத்தினேன்.

அவளுக்குத் தமிழ் பேச வரும், படிப்பதென்றால் எழுத்துக்கூட்ட வேண்டும். பள்ளியில் படித்தது கன்னடம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசிப்பேன், அவள் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே கேட்பாள். ஒரு நாள் கை நின்றது.

"இந்தச் சித்தி இவ்ளோ நல்லவங்கன்னா அந்தப் பொண்ணு எதுக்குங்க அழுவுறா?"

"மனசுக்குள்ள என்னமோ வருத்தம் கண்ணு."

"சும்னே அழுவுறாளா?"

கன்னடத்துச் 'சும்னே' நம்முடைய 'சும்மா'தான். ஆனாலும் சுருக்கென்றது. அத்தோடு விட்டாளா?

"இன்னொன்னுங்க. அரமனைக்குள்ள யாரு செருப்போட போவாங்க? இன்னைக்கும் நாம வெளிய உட்டுட்டுத்தானே போறோம். அப்பறம் படியில எப்படிச் செருப்பு உளுந்துது?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "அப்ப நீயே எழுதிக்க" என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். பளிங்குப் படியில் கண்ணாடிச் செருப்பு கிணுகிணுக்க அவள் ஓடுவதாக ஓர் அத்தியாயமே எழுதி வைத்திருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அதன்பிறகு பதிப்பாளர் போன் செய்தால் எடுப்பதையே நிறுத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் நஞ்சன்கூடு கோயிலுக்குப் போனோம். அவருக்கு டியூட்டி, அதனால் பஸ்ஸில் நாங்கள் இருவர் மட்டும். என் காலில் புதுச் செருப்பு. எங்கள் பிறந்தகத்தில் புதுச் செருப்பைக் கோயில் வாசலில் சோடியாக விடவே மாட்டோம். ஒன்றை ஓரிடத்திலும் மற்றதை வேறிடத்திலும் விடுவோம். ஒற்றைச் செருப்பைத் திருடி எவன் என்ன செய்வான்? இடதைத் தேங்காய்க்கடை ஓரம் விட்டேன். வலதை எங்கேயோ தள்ளிப் போய்ச் செருப்புக் குவியல் ஒன்றில் செருகினேன்.

"இது என்னங்க புத்தி?" என்றாள்.

"ஈரோட்டுப் புத்தி" என்றேன் பெருமையாக.

தரிசனம் முடிந்து வெளியே வந்தால் உச்சி வெயில். இடது கிடைத்தது. வலது எந்தக் குவியல் என்று சுத்தமாக மறந்துபோயிற்று. திருடனை ஏமாற்றப் போய் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சூட்டில் நான் தத்துவதைப் பார்த்து அவள், "நெழல்ல நில்லுங்க" என்று இடது செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு குவியலாகக் குனிந்து, கையிலிருந்ததை அதற்கும் இதற்கும் பொருத்திப் பார்த்தபடி கோயில் வாசல் முழுக்கச் சுற்றினாள். கதையில் இளவரசனின் ஆட்கள்கூட இத்தனை அக்கறையாகத் தேடியிருக்கமாட்டார்கள்.

எனக்கு நிழலில் நிற்கப் பொறுமையில்லை. நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். அது தெரியாமல் அவள் பூக்கார அம்மாளிடம் செருப்பைத் தூக்கிக் காட்டிக் கன்னடத்தில் கேட்டாள்.

"நம்மம்மன் சப்லி. ஒந்து சிக்தில்லா."

எங்கம்மா செருப்பு, ஒன்று கிடைக்கவில்லை.

அப்படியே நின்றுவிட்டேன். கண் கலங்கியது. கால் சுட்டதால்தான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. பூக்காரம்மாள் தன் கூடைக்குப் பின்னால் இருந்த குவியலைக் காட்ட, வலது அங்கேதான் கிடந்தது. அவள் இரண்டையும் கொண்டுவந்து என் காலடியில் போட்டு, "போட்டுப் பாருங்க, சரியா இருக்குதான்னு" என்றாள். கச்சிதமாக இருந்தது.

பஸ் ஏறியதும் அவளே ஆரம்பித்தாள். "கதைல அந்தப் பொண்ணும் இப்படித்தான் செருப்பப் பிரிச்சு வெளிய வெச்சிருப்பா. மணி அடிச்சதும் ஓடி வர்றா, ஒண்ணுதான் கையில சிக்குது."

"அப்படிப் பிரிச்சு வெக்க யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு எழுதறது?"

"சித்திதான். வேற யாருக்கு அந்தப் புத்தி வரும்?" என்று சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மத்ததுல எல்லாம் கெட்டவங்களாவே இருக்கட்டுங்க. அது உங்களப் பத்தின்னு நான் நெனைக்க மாட்டேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்த கையோடு மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். பட்டுப்புடவையைப் பிடுங்கினேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். சித்தி வாயிலிருந்து வந்த வசவுகளில் பாதி ஈரோட்டில் நான் காதாரக் கேட்டவை. எழுத எழுத எனக்கு அத்தனை சந்தோஷம்.

கீழேயிருந்து குரல் வந்தது. "அம்மா, காபி ஆறுது."

படியேறி வரவில்லை. அங்கிருந்தே கூப்பிட்டாள். சித்தி அந்தப் பெண்ணை இருட்டறையில் பூட்டிப் பட்டினி போட்டிருந்த இடத்தில் அப்படியே பேனாவை வைத்துவிட்டு, காபி குடிக்க இறங்கிப் போனேன்.