ஒரு சோடி டெரிஞ்சர்

துப்பாக்கி சேர்க்கிறவன் என்று என்னைச் சொன்னால் எங்கள் ஊர் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கோழி உரிக்கிற பக்கம்கூட எட்டிப் பார்க்காத சைவக்காரன் நான். ஆனாலும் எழுபதுகளின் நடுப்பகுதியில், சிட்னியின் மேற்கே மெரிலேண்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில், டெரிஞ்சர் ஒன்றின் மேல் எனக்கு ஆசை வந்தது. அந்த ஆசையால் எங்கள் வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை நின்றது. இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிற ஒரு சனிக்கிழமையும் அதே ஆசையால்தான் எனக்குக் கிடைத்தது.

டெரிஞ்சர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்னக் கைத்துப்பாக்கி. ஒரு குழல் இருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. நூறு வருடத்துக்கு முன்பு சட்டைப்பையிலும் பெண்களின் கைப்பையிலும் ஒளித்துக்கொண்டு திரிந்தார்களாம். நான் சொல்கிறவை அதிலும் பழைய வகை, குழலின் வாய் வழியாக வெடிமருந்து இட்டு நிரப்புகிறவை. அவற்றைச் சுடுவதற்காக யாரும் வாங்குவதில்லை. கையில் வைத்துப் பார்ப்பதற்காக வாங்குகிறார்கள்.

எங்களுக்கு மூன்றாவது வீட்டில் ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி தனியாக இருந்தார். அறுபது வயது இருக்கும். கணவர் இறந்து ஒரு வருடம். அந்தத் தெருவில் கறுப்புத் தோல் நானும் என் மனைவியும் மட்டும்தான். மற்றவர்கள் தூரத்தில் நின்று தலையாட்டுவார்கள், அத்தோடு சரி. அவர் ஒருவர்தான் நாங்கள் வந்த முதல் வாரமே ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு கதவைத் தட்டியவர். யாரைக் கண்டாலும் ‘லவ்’ என்று கூப்பிடுவார். என் மனைவியையும் அப்படித்தான் கூப்பிட்டார், என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார். முதல் நாள் எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுமாரிப் பூட்டு ஒன்று இறுகிவிட்டது, திறந்து தர முடியுமா என்று கேட்டார். திறந்து கொடுத்தேன். உள்ளே அவருடைய கணவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த துப்பாக்கிகள் இருந்தன. அந்தப் பெண்மணி வீட்டை விட்டுவிட்டு மெல்பேர்னில் இருக்கிற தன் தங்கையோடு போய் இருக்கத் தீர்மானித்திருந்தார். பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

நான் கொழும்பில் ஒரு பட்டறையில் எட்டு வருடம் மெக்கானிக்காக இருந்தவன். இங்கே வந்த பிறகு ஒரு தொழிற்சாலையில் குளிர்சாதனப் பெட்டிக் கதவுக்கான கீலை நாள் முழுவதும் அச்சில் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரே கீல், ஒரே சத்தம். நன்றாகப் பொருத்திய ஒரு சாமானை என் விரல்கள் தொட்டே இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால்தான் அந்தச் சின்னத் துப்பாக்கிகளில் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் கீழே வைக்க மனம் வரவில்லை.

என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். “வியாபாரி வர நாள் இருக்கிறது, லவ். பிடித்ததை நீ பார்த்து எடு. உனக்குத்தான் முதல் உரிமை” என்றார்.

மூன்று ஞாயிறு போனேன். அவருடைய குசினி மேசையில் டெரிஞ்சர்களை வரிசையாக வைத்துவிட்டுத் தேநீர் போடுவார். நான் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒவ்வொன்றிலும் குற்றம் கண்டுபிடிப்பேன். வெள்ளிப் பூச்சும் முத்துச்சிப்பிக் கைப்பிடியுமாக ஒன்று மினுங்கியது. அதன் ஆணித் தலைகள் எல்லாம் கடித்துக் குதறியது போல் இருந்தன. யாரோ பொருத்தமில்லாத ஸ்க்ரூ டிரைவரால் திருகியிருக்கிறார்கள், அப்படிப்பட்டவர் உள்ளே என்ன செய்து வைத்தாரோ என்று தள்ளி வைத்தேன். இன்னொன்றுக்கு இரட்டைக் குழல், ஆனால் பிணைப்பில் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. வேறொன்றின் பூவேலையை யாரோ இயந்திரத்தில் பிடித்துத் தேய்த்திருந்தார்கள். கோடுகள் மழுங்கிப் போயிருந்தன.

கடைசியில் ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு இருந்தன. ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்த சோடி. எந்த மினுக்கமும் கிடையாது. மேலே இருக்கும் சுத்தியலைப் பின்னால் இழுத்தால், வயிற்றுக்குள் மறைந்திருந்த சுடும் விசை தானாகக் கீழே இறங்கும். இழுக்கும்போது இரண்டு சத்தம் கேட்கும், இரண்டும் சுத்தம். மரமும் உலோகமும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை நுழையாது. குழலின் அடியில் இருந்த எண்ணும் உடலில் இருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன, எதையும் யாரும் மாற்றவில்லை. உடலும் குழலும் பித்தளை, ஆனால் பித்தளை என்றே சொல்ல முடியாது. நூறு வருடக் காற்றும் கைவியர்வையும் சேர்ந்து பனங்கட்டி நிறத்துக்கு வந்திருந்தது.

“என் ஆள் இருந்தால் இதைத்தான் எடுத்திருப்பார். அந்த நிறம்தான் அதன் வயது என்பார். துலக்கினால் போச்சு, திரும்ப வராது. முப்பது வருடம் எனக்குத் தூசு தட்ட மட்டும்தான் அனுமதி” என்றார் அவர்.

சோடியாகத் தருவதற்கு எனக்குக் கட்டுப்படியாகிற ஒரு விலையையும் சொன்னார். உடனே முடிவு சொல்லச் சொல்லவில்லை. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு கிழமை வைத்துப் பார், வேண்டாமென்றால் சனிக்கிழமை வியாபாரி வருவதற்கு முன் கொண்டு வா என்றார். முன்பணமும் கேட்கவில்லை, காகிதத்தில் கையெழுத்தும் கேட்கவில்லை. போலீஸ் நிலையத்துக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போய், இது பழம்பொருள்தான், வீட்டில் வைக்கலாம் என்று கேட்டு உறுதிப்படுத்தித் தந்தார். என்னை நம்பி இந்த நாட்டில் ஒருவர் கொடுத்த முதல் பொருள் அது.

வீட்டில் வரவேற்பு வேறு மாதிரி இருந்தது.

“சுடுற சாமானைக் கொண்டுவந்து சாமி இருக்கிற வீட்டுக்குள்ள வைக்கப்போறியளோ?” என்றாள் மனைவி.

“இது சுடாதப்பா. இதுக்கு மருந்தும் இல்லை, ஒண்டும் இல்லை.”

“சுடாததுக்கு ஏன் துவக்கு?”

அலுமாரியின் மேல்தட்டில் துவாயில் சுற்றி வைத்தேன். பிறகு இரண்டு நாளும் வேலையால் வந்ததும் அதை எடுத்துச் சாளரத்தடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நான் சிரித்தபடி இருந்தேனாம். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னை அப்படி அவள் காணவில்லையாம். இது அவள் பிறகு சொன்னது.

புதன்கிழமை ஆயுத பூசை வந்தது. ஊரில் என்றால் பட்டறை முழுக்கச் சந்தனமும் பூவுமாக இருக்கும். இங்கே எங்கள் வீட்டில் என் அளவுகோலும் மைக்ரோமீட்டரும் அவளுடைய தையல் மெசினும்தான் பூசைக்கு. காலையில் அவற்றை எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் நாலு மணிக்கு வந்து கதவைத் திறந்தால் சாம்பிராணி வாசம். சாமித்தட்டில் விளக்கு எரிகிறது. அதன் முன்னால், மெசினுக்கும் மைக்ரோமீட்டருக்கும் நடுவில், டெரிஞ்சர் பளபளவென்று இருக்கிறது. மேலே மூன்று விரலால் பூசிய சந்தனம், நடுவில் குங்குமம்.

“கறுத்துப்போய்க் கிடந்தது. அதான் புளி போட்டு மினுக்கினனான்” என்றாள். முகம் முழுக்கச் சந்தோஷம். “உங்களுக்குப் பிடிச்ச சாமான். அதுவும் பூசையில இருக்கட்டும் எண்டு நினைச்சன்.”

புளி அப்போது இங்கே கடைகளில் சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. ஊரிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு போத்தல், அதை இரசத்துக்குக்கூட நெல்லிக்காய் அளவுதான் கிள்ளிப் போடுவாள். அன்றைக்கு ஓர் எலுமிச்சம்பழ அளவு எடுத்திருந்தாள். இதை எல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். “குசினிச் சட்டி எண்டு நினைச்சீரோ? பட்டிக்காட்டுத்தனம்! அந்த மனிசியின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?” என்றேன். அவள் விளக்கைத் தூண்டிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

நிறத்தைத் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மூன்று ஞாயிறு கேட்டதில் ஒரு வசனத்தைக்கூட வீட்டில் வந்து அவளுக்கு நான் சொல்லவில்லை. பிழை யாருடையது என்று வியாழக்கிழமை காலையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. பெருமை விடவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இனி அந்தப் பெண்மணி எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? சோடியில் ஒன்று கெட்டால் மற்றதற்கும் மதிப்பில்லை. நம்பிக் கொடுத்த பொருளை ஒரு கிழமைக்குள் கெடுத்துக் கொண்டுவந்தவர்கள் என்றாகிவிடும். அந்தத் தெருவில் எங்களுக்குத் திறந்த ஒரே கதவு அது.

தொழிற்சாலையில் பித்தளையைக் கறுக்க வைக்கிற மருந்து இருந்தது. பூசினால் ஒரு மணி நேரத்தில் நூறு வயது ஏற்றிவிடலாம். வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். அவள் போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல்முறையாக வாய் திறந்தாள்.

“அந்தப் போத்தலைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்திடுங்கோ. பிழை விட்டது நான். நாளைக்கு நானே வந்து சொல்லுறன்.”

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். நல்ல சேலை ஒன்றை உடுத்து, டெரிஞ்சரைத் துவாயில் சுற்றித் தானே ஏந்திக்கொண்டு வந்தாள். குசினி மேசையில் வைத்து விரித்தாள். அந்தப் பெண்மணி பெட்டியைத் திறந்து மற்றதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஒன்று பனங்கட்டி, ஒன்று புது விளக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திவிட்டாள். “ஐ டிட் இட். ஹி டிட் நாட் நோ” என்றாள். அவளுக்கு இருந்த ஆங்கிலத்தில் அதுவே பெரிய பேச்சு.

“எதனால் துலக்கினாய், லவ்?”

ஊரில் காய்க்கிற புளிப்பான பழம், சாமி விளக்கு எல்லாவற்றையும் அதனால்தான் துலக்குவோம், அன்றைக்கு எங்கள் பூசை நாள் என்று மிச்சத்தை நான் சொல்லி முடித்தேன். இரண்டையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவர் என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்து வியாபாரியிடம் பேசினார். “அந்தச் சோடி விற்றுப்போய்விட்டது. மற்றவற்றை வந்து பாருங்கள்” என்று வைத்தார். திரும்பி வந்து என் மனைவியிடம், “உன்னிடம் அந்தப் பழம் இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டார்.

இருக்கிறது என்று அவள் தலையாட்டினாள்.

“போய் எடுத்து வா. மற்றதையும் துலக்குவோம்.”

நான் பதறிப்போனேன். இதையாவது விடுங்கள், இதன் மதிப்பே அந்த நிறம்தானே என்றேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது. “இவை இரண்டும் நூறு வருடம் ஒரே பெட்டியில் கிடந்தவை, லவ். ஒன்று சரி, ஒன்று பிழை என்று பிரித்து வைக்க எனக்கு விருப்பமில்லை.”

அவள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் போத்தலோடு வந்தாள். இரண்டு பெண்களும் தொட்டியடியில் தோளோடு தோள் நின்றார்கள். எப்படி ஊற வைக்கிறது, எப்படி உருட்டித் தேய்க்கிறது என்று இவள் கையால் காட்ட, அவர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு தேய்த்தார். “முப்பது வருடமாக இதைச் செய்ய வேண்டும் என்று என் கை அரித்தது” என்று சொல்லிச் சிரித்தார். அது உண்மையோ, எங்களுக்காகச் சொன்னதோ, நான் கேட்கவில்லை. விலையை அவர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிறகு எத்தனையோ சேகரிப்பாளர்கள் அந்தச் சோடியைப் பார்த்துவிட்டுப் பாழாகிவிட்டது என்று உச்சுக்கொட்டியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான், நான் மறுத்துப் பேசுவதில்லை. தன் கணவர் முப்பது வருடம் காத்த ஒன்றை, என் மனைவி தலைகுனியக் கூடாது என்பதற்காக ஒரு காலைப்பொழுதில் அந்த மனிசி விட்டுக்கொடுத்தார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

நான் சும்மா நிற்பதைக் கண்டு ஒரு துணியை என் கையில் திணித்து, “நீ துடை” என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். என் மனைவி கழுவிய டெரிஞ்சரை என்னிடம் நீட்டினாள். அந்தப் பெண்மணிக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவில் அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

“இஞ்சரும், அண்டைக்கு நான் கத்தினது பிழை. உமக்கு ஒண்டும் சொல்லாமல் விட்டதும் நான்தான். மன்னிச்சுக்கொள்ளும்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் குரல் பழையபடி இருந்தது.

“முதல்ல வடிவாத் துடையுங்கோ. ஆணி இரும்பெல்லே, ஈரம் நிக்கக் கூடாது.”