அண்ணன் கேட்ட மாத்திரை

செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வல்லத்தில் மணிலாக் கடலை பயிரிடும் என் அண்ணனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, அவருடைய மரபணு ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

செல்கள் பெருகும்போது டிஎன்ஏவில் பிழைகள் விழும். அவற்றைத் திருத்தும் மரபணு ஒன்று அண்ணனுக்குப் பிறவியிலேயே பழுது. அதனால் கட்டிக்குள் ஆயிரக்கணக்கான பிழைகள் சேர்ந்திருந்தன. அவற்றில் ஒன்று, 'வளர்' என்கிற சேதியைச் செல்லுக்குள் வாங்கும் ஏற்பியின் மரபணுவில் இருந்தது.

அண்ணன் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். அவலூர்பேட்டையில் அவருக்குத் தெரிந்த விதைக்கடைக்காரருக்கு நுரையீரலில் புற்றுநோய். அவருக்கும் ஏற்பியில்தான் பிழை. தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கு முதலில் ஏற்றிய, உடம்பின் எதிர்ப்புசக்தியைத் தூண்டிவிடும் மருந்து ஏழெட்டு மாதம் கட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகு கைவிட்டது.

"அந்த மாத்திரைய கேளு பாப்பா. எனக்கும் அதான இருக்குது."

கேட்டேன். விதைக்கடைக்காரரின் நோயை நடத்துவதே அந்த ஒரு பிழைதான், உங்கள் அண்ணனுக்கு அது மற்ற பிழைகளின் கூட்டத்தோடு வந்து ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். நான் விடாமல் கெஞ்சியதால் அதே வகை மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் முகமெல்லாம் கொப்புளம், ஓயாத பேதி. ஸ்கேனில் கட்டி இன்னும் பெரிதாகியிருந்தது. கேட்டு வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

இதற்கிடையில் டாக்டர் சொன்னபடி நானும் சோதித்துக்கொண்டேன். அந்தப் பழுது எனக்கு இல்லை. அதை அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் மோட்டார் கொட்டகை வாசலில் அவரே கேட்டார்.

"உனக்கு இன்னா வந்துது?"

"இல்லண்ணா."

தலையாட்டினார். "எம் பொண்ணுக்கு?" என்றார்.

தெரியாது என்றேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்தப் பருவத்து மணிலாவைப் பிடுங்கும் முன்பே அண்ணன் போய்விட்டார்.

அவர் பெண் திண்டிவனத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அவளும் சோதித்துக்கொள்ளும்படி இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னபோது, "தெரிஞ்சிகினு இன்னா அத்த பண்றது?" என்றாள். பழுது இருந்தால் குடலை அடிக்கடி சோதித்து, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து எடுத்துவிடலாம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

மூன்று மாதமாகிறது. போன் செய்தால் காலேஜ் விஷயமெல்லாம் பேசுகிறாள். இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறாள்.