தம்பியின் வலது காலில் அம்மா கட்டிய காப்பு

இந்தக் கட்டுரையை ‘அன்னார்’ என்று தொடங்கச் சொன்னார் பெரியப்பா. நினைவு மலர்கள் எழுதிப் பழகிய கை அவருடையது, அவர் சொன்னால் அதில் ஒரு முறை இருக்கும். ஆனாலும் பத்தொன்பது வயதில் போன பிள்ளையை ‘அன்னார்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் அவனுடைய அக்கா. அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள், ரிமோட்டுக்கு அவனோடு அடிபட்டவள். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மலரில் அவன் எனக்குத் தம்பிதான், ‘அவன்’தான்.

தம்பி பிறந்தது லண்டனில். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக அங்கே போன அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் மூத்தவள், ஐந்து வருடம் கழித்து அவன். நடக்கத் தொடங்கியதும் பந்தை இடது காலால்தான் உதைத்தான். அம்மா அதைப் பெரிய பிழை என்று நினைத்து வலது காலுக்கு மாற்றப் பார்த்தார். பாடசாலையில் சேர்ந்த பிறகு அங்கிருந்த பயிற்சியாளர் அம்மாவைக் கூப்பிட்டு, இடது கால்காரர் கிடைப்பது அரிது, தயவுசெய்து பிள்ளையை அவன் பாட்டில் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எட்டு வயதில் அந்த வட்டாரத்துப் பாடசாலைகளின் சிறுவர் அணிக்கு அவனைத் தெரிவு செய்தார்கள். பெரிய கால்பந்துக் கழகம் ஒன்றின் ஆட்கள் வந்து பார்த்து, வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். விளையும் பயிர் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து நாங்கள் மெல்பேணுக்கு வந்துவிட்டோம். பெரியப்பா இங்கே இருந்தார், அப்பாவுக்கு லண்டன் குளிரும் தனிமையும் அலுத்துப் போயிருந்தன. விமான நிலையத்தில் தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அப்பா, அங்க ஃபுட்போல் இருக்கோ?”

“ஓம், இருக்கு இருக்கு,” என்றார் அப்பா. அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மெல்பேணின் வடக்கே கிரெய்கிபர்னில் வீடு எடுத்தோம். புதுப் பாடசாலையில் அவனுடைய கையில் முட்டை வடிவப் பந்து ஒன்றைக் கொடுத்தார்கள், இங்கே ஃபுட்போல் என்றால் அதுதான். அவன் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வட்டப் பந்து எங்கே என்று கேட்டான். லண்டன் வாயோடு பேசியதால் வகுப்பில் அவனுக்கு ‘இங்கிலிஷ்காரன்’ என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது. வட்டப் பந்து விளையாடுகிற பிள்ளைகளைத் தானே தேடிச் சேர்த்து, பன்னிரண்டு வயதுக்குள் அந்தப் பாடசாலையில் ஓர் அணியை உண்டாக்கிவிட்டான். லண்டனில் விட்டுவிட்டு வந்ததைப் பற்றி அவன் ஒரு நாளும் முறையிட்டதில்லை. வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், எழும்பிப் போய்ப் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருப்பான்.

பதினைந்து வயதில் அவனுக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. வடக்கு மெல்பேணில் பேர்போன கழகம் ஒன்றின் இளையோர் அணியில் சேர வேண்டும். அங்கே சேர்ந்தால்தான் மேலே போகலாம். அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை.

“பந்துக்குப் பின்னால ஓடினா, கடைசியில பந்தும் இல்லை, படிப்பும் இல்லை,” என்றார்.

“ரண்டுக்கும் பின்னால ஓடுறன் அப்பா. எனக்குக் கால் ரண்டு இருக்கு,” என்றான் தம்பி. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணித வகுப்பைத் தவறவிடக்கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார்.

அந்த அணிக்கான தெரிவு நடந்தது தீபாவளியை ஒட்டி. நம்மவர்களுக்கு அது கேதார கௌரி விரத காலம். அம்மா இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடு, வயோதிபர் இல்லத்தில் வேலையும் செய்துகொண்டு, தம்பிக்காக விரதம் இருந்தார். கடைசி நாள் கோயிலில் காப்பு நூல் வாங்கி அவனுடைய வலது மணிக்கட்டில் கட்டிவிட்டார். அடுத்த வருட விரதம் வரை அதைக் கழற்றுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அடுத்த நாள் தெரிவு. நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

மைதானத்தில் இறங்குமுன் பிள்ளைகளை வரிசையில் விட்டுச் சோதித்தார்கள். மோதிரம், சங்கிலி, நூல் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாதாம். தம்பியின் கையைப் பார்த்தவர் அதைக் கழற்றச் சொன்னார். பிளாஸ்டர் சுற்றி மறைக்கலாமா என்று தம்பி கேட்டான். முடியாது என்றார். அது அவர்களுடைய விதி, அவரில் பிழை இல்லை. நான் கைப்பையிலிருந்து சிறிய கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன்.

“அறுத்துப்போட்டு விளையாடடா. அம்மாவுக்கு நான் சொல்லுறன்.”

“அம்மா இருபத்தொரு நாள் பசி கிடந்தவா. எனக்கு அறுக்க ஏலாது அக்கா.”

அம்மாவைக் கேட்கலாம் என்று பார்த்தால், வேலை நேரத்தில் அவரது போன் அலுமாரிக்குள் இருக்கும். தம்பி கோட்டுக்கு வெளியே நின்று, மற்றப் பிள்ளைகள் விளையாடுவதைக் கடைசி வரை பார்த்தான். வீட்டுக்குப் போகும்போது அழவில்லை, அடுத்த வருடத் தெரிவுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தான். நான்தான் அழுதேன், எனக்கு அவனில் அவ்வளவு கோபம்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் வீடு அதிர்ந்தது. “விசரா! நூலை அறுத்தா அம்பாள் கோவிக்க மாட்டா. நீ விளையாடாட்டி நான் கோவிப்பன்!” பிறகு குசினிக்குள் போய், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த வருடம் அம்மா யோசித்து வைத்திருந்தார். விரதம் முடிந்த அன்று கோயிலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தம்பியின் காப்பைக் காலில் கட்டலாமா என்று ஐயரிடம் கேட்டார்.

“காலில கட்டுறது வழக்கம் இல்லை அம்மா,” என்றார் ஐயர்.

“வழக்கம் இல்லாட்டிக் கையில தாங்கோ ஐயா, நான் கொண்டு போறன். அவன் உழைக்கிறது காலால. அது அம்பாளுக்குத் தெரியாதே?”

ஐயர் சிரித்துக்கொண்டு நூலை அம்மாவின் கையில் வைத்தார். பின்னால் நின்ற அன்ரிமாரும் சிரித்தார்கள், ‘கெட்டிக்காரி’ என்று ஒருவர் முதுகில் தட்டினார். ஐயர் வழக்கம் இல்லை என்றாரே தவிர, கூடாது என்று சொல்லவில்லை என்பது அம்மாவின் வாதம். வீட்டுக்கு வந்து, தம்பியைக் கதிரையில் இருத்தி, ஆண்பிள்ளைக்கு வலதுதான் என்று வலது கணுக்காலில் கட்டினார். அது காலுறைக்குள் மறைந்துவிட்டது. தம்பி அந்த முறை விளையாடினான். மூன்று நாள் கழித்து, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியில் அவன் பெயர் வந்தது.

அந்த ஒரு பருவம்தான் அவன் வாழ்ந்த பருவம். விடிய ஐந்தரைக்கு எழும்பி ஓடுவான், பிறகு படிப்பான், பின்னேரம் பயிற்சிக்குப் போவான். இடது ஓரத்தில் அவனுக்கென்று ஓர் இடம் இருந்தது. அங்கே இருந்த கிரேக்கப் பயிற்சியாளர் யாரையும் இலேசில் புகழாதவர். ஒரு நாள் என்னிடம் வந்து, “உன் தம்பி தோற்றுக்கொண்டிருக்கும்போதுதான் நன்றாக விளையாடுகிறான்,” என்றார். அவன் குணத்தை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

பருவம் முடியும் நேரம் இடது முழங்காலில் நோ தொடங்கியது. விளையாட்டில் பட்ட அடி என்று நினைத்தோம். ஐஸ் வைத்தோம், எண்ணெய் பூசினோம். நோ போகவில்லை. வைத்தியசாலையில் படம் எடுத்துப் பார்த்தபோது எலும்பில் புற்றுநோய் என்றார்கள். தம்பி வைத்தியரிடம் கேட்ட முதல் கேள்வி, “எப்ப திரும்ப ஓடலாம்?” என்பதுதான். காலில் சத்திர சிகிச்சை செய்ய வேண்டும், அதற்குப் பிறகு ஓட முடியாது, நடக்கலாம் என்றார் வைத்தியர். சரி, அப்படியென்றால் நடப்பதிலிருந்து தொடங்குவோம் என்றான் தம்பி.

இனி எழுதப் போவதுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதியதற்குக் காரணம். பெரியப்பா இதை எடுத்துவிடச் சொன்னார். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நாள்களில் உறவில் ஓர் அன்ரி பார்க்க வந்தார். பெயர் எழுதப் போவதில்லை. தம்பி நித்திரை என்று நினைத்து, பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: “கையில கட்டுற காப்பைக் கொண்டு போய்க் காலில கட்டினா, அது காலைத்தானே பிடிக்கும்.” அம்மா கதவடியில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு நின்றார். கேட்டுவிட்டார்.

தம்பி கண்ணைத் திறந்தான். “அன்ரி, அம்மா கட்டினது ரைட் லெக். இது லெஃப்ட்,” என்றான். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, கோட்டுக்கு வெளியே போன பந்தை இது எங்கள் பந்து என்று நடுவரிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

அன்ரி எழும்பிப் போய்விட்டார். கதை போகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கிரெய்கிபர்னில் தொடங்கியது கிரான்பர்ன் வரை போய், சிட்னியில் வெஸ்ட்மீட்டில் இருக்கும் மாமி வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. கோயிலில் அம்மாவைக் கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்தவர்களும் அதைச் சொன்னார்கள். எந்தக் கால் என்றுகூட விசாரிக்காமல் சொன்னார்கள். வலது காலில் வந்திருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன். யாரும் எதையும் செய்ததால் வருகிற நோய் இல்லை இது என்று வைத்தியர் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அம்மா தலையாட்டினார். ஆனால் அந்த வருடம் விரதம் இருக்கவில்லை. கோயிலுக்குப் போவதும் நின்றது. தம்பி போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என்னைக் கேட்டார்: “நான் அதைக் கட்டாமல் விட்டிருந்தா, பிள்ளை இருந்திருப்பானோ?”

சொன்னவர்கள் மறந்திருப்பார்கள். கேட்டவர் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே எல்லோரும் அறிய எழுதுகிறேன். என் அம்மா பிழை ஒன்றும் செய்யவில்லை. அந்தக் காப்பினால் என் தம்பி தான் ஆசைப்பட்ட அணியில் ஒரு பருவம் முழுக்க விளையாடினான். அவனுக்கு அவர் கொடுத்தது அதுதான்.

சத்திர சிகிச்சைக்குப் பிறகு, தடிகளை ஊன்றிக்கொண்டு, தன் அணி விளையாடிக்கொண்டிருக்கும்போது மைதானத்தை ஒரு முறை சுற்றி நடந்தான். ஆட்டத்தின் ஒரு பாதி முழுவதும் பிடித்தது. உதவிக்கு யாரும் வரக்கூடாது என்று சொல்லியிருந்தான். அந்த வருடமே பன்னிரண்டாம் வகுப்புச் சோதனையும் எழுதினான், அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அது. பிறகு நோய் சுவாசப்பைக்குப் போனது. கடைசி வாரம் வீட்டிலேயே இருந்தான். அப்பா பக்கத்தில் இருந்து அவனுடைய கால்களைத் தடவிக்கொண்டிருக்க, ஒரு காலை நேரம் போய்விட்டான்.

அவனைப் பார்த்த வைத்தியர்களுக்கும், அவனோடு பகிடி விட்ட தாதிமாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். நகரத்தின் மறு கோடியான கிரான்பர்னிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்த அங்கிளுக்கும் அன்ரிக்கும் நன்றி சொன்னால் போதாது. கழகச் சட்டையோடு வந்து அவனைத் தோளில் சுமந்த பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். தமிழ் தெரியாத பயிற்சியாளர் முப்பத்தோராம் நாள் கிரியைக்கும் வந்து, சம்மணமிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினர், அயலவர் யாவருக்கும் அப்பாவின் சார்பில் கைகூப்புகிறேன்.

இன்னும் ஒன்று. சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு வேலை. அந்தப் பருவத்தில் ஒரே ஒரு நாள் வேலையை மாற்றிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தார். அன்று தம்பி ஒரு கோல் அடித்தான். எந்தப் பக்கம் எங்கள் பக்கம் என்றே தெரியாமல் நின்ற அம்மா, அவன் அடித்ததும் வேலியில் ஏறாத குறையாகக் கத்தினார். பிறகு ஒரு மாதம் வயோதிபர் இல்லத்தில் படுக்கையில் கிடந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னாராம்.

அவன் போய் ஒரு வருடம் நிறையும் ஆட்டைத் திவசத்தன்று இந்த மலரை உங்கள் கையில் தருபவர் அம்மாவாகத்தான் இருப்பார். அவரிடம் விதி என்று சொல்லாதீர்கள், தேற்றவும் வேண்டாம். அந்தக் கோல் எப்படி என்று கேளுங்கள். ஏழு பேரை வெட்டிக்கொண்டு போய் அடித்தான் என்பார். இரண்டு பேர்தான். திருத்த வேண்டாம்.

அக்கா